உழைப்பை மட்டும் நம்பும் ப்ரீ-மெட் மாணவர்கள்

கரிம வேதியியலின் முதல் தேர்வில் சறுக்குகிறவர்களில் சோம்பேறிகள் மிகக் குறைவு. அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் கற்றல் உதவி மையத்தில் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாடநூலில் நான்கு நிறங்களில் கோடிட்டு, வினைகளை அட்டை அட்டையாக எழுதி, நூலகம் மூடும்வரை உட்கார்ந்து படித்தவர்கள்தான் திருத்தப்பட்ட விடைத்தாளோடு என் முன்னால் வந்து அமர்கிறார்கள். "இதற்கு மேலும் எப்படி உழைப்பது?" என்பது அவர்களுடைய கேள்வி. வார இறுதித் தமிழ்ப் பள்ளியிலோ பொங்கல் விழாவிலோ சந்திக்கும் பெற்றோர்களின் கேள்வி வேறு: "கஷ்டப்பட்டுப் படித்தால் மெடிசின் கிடைத்துவிடும்தானே?" இல்லை என்றால் பிள்ளையின் ஊக்கத்தைக் கெடுக்கிறேன் என்று நினைப்பார்கள், ஆம் என்றால் அது உண்மையாக இராது. விழாக் கூட்டத்தின் இரைச்சலில் சொல்ல முடியாததை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

உழைக்காமல் இந்தப் படிப்பைக் கடந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. ஆனால் உழைப்பு மட்டுமே போதும் என்ற நம்பிக்கை, நன்றாக உழைக்கும் மாணவரையே முதலில் கவிழ்க்கிறது என்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையில் வளர்ந்த பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண்ணுக்கு ஒரே காரணம்தான் தெரியும், அது தன் உழைப்பு போதவில்லை என்பது. பரிகாரமும் ஒன்றுதான்: செய்ததையே இன்னும் அதிக நேரம் செய்வது. பேராசிரியரைப் போய்ப் பார்ப்பதும், சக மாணவரிடம் "எனக்கு இது புரியவில்லை" என்று ஒப்புக்கொள்வதும் தன் உழைப்பின் குறையைத் தானே விளம்பரப்படுத்துவதாக அந்தப் பிள்ளைக்குப் படுகிறது. ஆகவே வகுப்பில் மிக அதிகமாக உழைக்கும் மாணவரே மிகத் தாமதமாக உதவி கேட்டு வருகிறவராகவும் இருக்கிறார்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். ப்ரீ-மெட் என்பது ஒரு பட்டப்படிப்பின் பெயர் அன்று. வரலாறோ இசையோ கணினியோ, எதை முதன்மைப் பாடமாக எடுத்தாலும், உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தோடு ஏறக்குறைய ஓராண்டு வீதம் முடித்து, பெரும்பாலும் உயிர்வேதியியலையும் புள்ளியியலையும் சேர்த்துக்கொண்டு, எம்கேட் என்னும் ஏழரை மணி நேரத் தேர்வை எழுதி, மருத்துவமனை அனுபவம், பரிந்துரைக் கடிதங்கள், கட்டுரைகள், நேர்காணல் எல்லாம் கடந்து மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கான நான்காண்டு ஆயத்தமே அது. 2021-22 சேர்க்கை ஆண்டில் எம்.டி. கல்லூரிகளுக்கு (இங்கே எம்.டி. என்பதுதான் மருத்துவரின் அடிப்படைப் பட்டம்) 62,443 பேர் விண்ணப்பித்தார்கள். சேர்ந்தவர்கள் 22,666 பேர். 2023-24இல் சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ., அதாவது நான்குக்குக் கணக்கிடப்படும் மதிப்பெண் சராசரி, 3.77; சராசரி எம்கேட் மதிப்பெண் 511.7. எம்கேட்டின் அளவுகோல் 472இல் தொடங்கி 528இல் முடிகிறது; நடுப்புள்ளி 500. முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் மனம் தளர்ந்து வேறு துறைக்குப் போனவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்பதால் இந்தக் கணக்கில் அவர்கள் சேர்வதும் இல்லை.

பெற்றோர்களின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்குகிறது. இன்று கல்லூரியில் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பெற்றோர்களில் பலர், பிளஸ் டூ மதிப்பெண்ணையும் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கட்-ஆஃப் போட்ட காலத்தில் தமிழ்நாட்டில் படித்தவர்கள். எண்பதுகளின் நடுவிலிருந்து 2006 வரை அந்த முறைதான் இருந்தது. ஒவ்வொரு கூடுதல் மதிப்பெண்ணும் தரவரிசையில் மேலே ஏற்றியது. பாடத்திட்டத்துக்கு எல்லை இருந்தது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளையும் பழைய வினாத்தாள்களையும் கரைத்துக் குடித்தவருக்குப் பலன் கிடைத்தது. உழைப்பை மதிப்பெண்ணாகவும் மதிப்பெண்ணை இடமாகவும் மாற்றிக்கொடுத்த முறை அது. அதில் வென்று கடல் கடந்து வந்தவர்கள் அந்தச் சூத்திரத்தைப் பிள்ளைக்கும் கொடுப்பது இயல்புதான். ஆனால் இங்கே கேள்வியும் வேறு, கணக்குப் போடும் விதமும் வேறு.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஊரில் இறுதியில் எழுதிய தேர்வுகளே எல்லாவற்றையும் தீர்மானித்தன; அவற்றுக்கு முந்தைய காலாண்டுத் தேர்வில் தோற்றதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இங்கே முதல் செமஸ்டரின் முதல் பாடமும் கடைசிவரை கூடவே வருகிறது. அறிவியல், கணிதப் பாடங்களுக்கு மட்டும் தனியாக ஒரு ஜி.பி.ஏ. கணக்கிடப்படுகிறது. ஏ என்றால் 4 புள்ளி, சி என்றால் 2; பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு கிரெடிட். ஒரு மாணவர் மொத்தம் 50 கிரெடிட் அறிவியல் பாடங்களை எடுக்கிறார், நான்கு கிரெடிட் பொது வேதியியலில் சி வாங்கி மற்ற எல்லாவற்றிலும் ஏ வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அறிவியல் ஜி.பி.ஏ. 3.84. ஒரே ஒரு சி போட்ட ஓட்டை அது. இரண்டு சி என்றால் 3.68. அந்தப் பாடத்தை மறுபடி எடுத்து ஏ வாங்கினாலும், எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் இரண்டு முயற்சிகளும் சேர்த்தே கணக்கிடப்படும். மருத்துவராவதற்கான இன்னொரு பட்டத்தைத் தரும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகள் முன்பு பழைய மதிப்பெண்ணை நீக்கிப் புதியதை எடுத்துக்கொண்டன. அந்தச் சலுகையும் 2017இல் முடிவுக்கு வந்தது. ஆகவே "இந்த முறை விட்டுவிட்டேன், அடுத்த முறை வெறியோடு படித்துப் பிடித்துவிடுகிறேன்" என்பதற்கு இங்கே பழைய பலன் இல்லை. எந்த மாதத்தில் விழித்துக்கொள்கிறோம் என்பது எத்தனை மணி நேரம் படிக்கிறோம் என்பதைவிடப் பெரிய விஷயமாகிவிடுகிறது.

இனி கேள்வியின் தன்மை. கரிம வேதியியலில் நூற்றுக்கணக்கான வினைகள் உண்டு. அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய முடியும். என்னிடம் வரும் மாணவர்கள் செய்தும் இருக்கிறார்கள். தேர்வில் வருவதோ அதுவரை பார்த்திராத மூலக்கூறு. புரோமினைத் தாங்கிய கார்பன் வேறு எத்தனை கார்பன்களோடு பிணைந்திருக்கிறது, சேர்க்கப்படுவது வலிமையான காரமா அல்லது எலக்ட்ரானைத் தந்து பிணைப்பை உண்டாக்கும் கருக்கவரியா, கரைப்பான் எது, வெப்பநிலை என்ன என்று நான்கையும் ஒரே நேரத்தில் எடைபோட்டு, அங்கே நடப்பது பதிலீடா (புரோமினின் இடத்தில் வேறொன்று வந்து சேர்வது) நீக்கமா (புரோமினும் பக்கத்து ஹைட்ரஜனும் வெளியேறுவது) என்று சொல்ல வேண்டும். மூன்று கார்பன்கள் சூழ்ந்த இடத்தில் வலிமையான காரம் வந்தால் நெருங்க இடமில்லாமல் பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்பதைப் படம் வரைந்து, எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்று அம்புக்குறி போட்டுப் பார்த்தவருக்கு அது தெரியும். அட்டையில் எழுதி வைத்திருப்பவருக்கு அந்த மூலக்கூறுக்கான அட்டை கையில் இராது. அச்சிட்ட விடைகளை வாசித்து "புரிகிறது, புரிகிறது" என்று பக்கம் புரட்டுவது, கோலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கமே போகாமல் இருப்பதைப் போன்றது.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், தவறான உழைப்பு உழைப்பவருக்கு நல்ல உழைப்பாகவே தோன்றும். செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வை என் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்வேன். ஒரு பத்தியைக் கொடுத்து ஒரு சாராரை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைப் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 42 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடும் நினைவில் இருந்தன. அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகமாக நம்பினார்கள். ஒரு வாரத்தில் மிக அதிகமாக மறந்தவர்களும் அவர்களே. தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் பாடத்தை வாசித்துவிட்டு நிம்மதியோடு அரங்குக்குள் நுழையும் மாணவரின் நிலை அதுதான். மூடிவைத்து எழுதிப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் தன் அறியாமை கண்ணில் படுகிறது; அதனால் அவருக்குத் தான் சரியாகப் படிக்கவில்லை என்ற எண்ணமே மிஞ்சுகிறது. மாணவர்கள் முந்தைய வழியைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை.

தனியாகப் படிப்பது இதைவிடப் பெரிய சிக்கல் என்பது என் எண்ணம். எழுபதுகளில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஊரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள் என்று ஆராயத் தொடங்கினார். ஊக்கமின்மை, போதிய அடிப்படை இல்லாமை, குடும்பத்தின் ஆதரவின்மை, வறுமை என்று உடன் பணியாற்றியவர்கள் பல காரணங்களைச் சொன்னார்கள். அவர் கறுப்பின மாணவர்களில் இருபது பேரையும் சீன வம்சாவளி மாணவர்களில் இருபது பேரையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்க் கவனித்தார். சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றும் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்கள் ஆசிரியர் சொன்ன அளவுக்குச் சரியாக உழைத்தார்கள், வீட்டுப்பாடத்தைத் தவறாமல் கொடுத்தார்கள், ஆனால் தனியறையில் தனியாகப் படித்தார்கள். யார் தயவும் இல்லாமல் படித்ததால்தான் பெர்க்லி வரை வர முடிந்தது என்பது அவர்களுடைய அனுபவம்; அந்த வழக்கமே அங்கே அவர்களைத் தடுத்தது. சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்து முடித்தபின் ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டார்கள், பழைய வினாத்தாள்களை வைத்து ஒருவரையொருவர் சோதித்தார்கள். எல்லோரும் தவறவிட்ட கணக்கு என்றால் அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக இருந்தவர் அதே கணக்கில் மாட்டியபோது தன் தலையில்தான் கோளாறு என்று முடிவுசெய்தார்.

ட்ரைஸ்மன் செய்த பரிகாரம் எனக்கு மிகவும் பிடித்தது. பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று அவர் எதையும் வைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து போடவைத்தார். அதில் சேர்ந்தவர்களின் மதிப்பெண்கள் நன்றாக உயர்ந்தன. நியூ ஆர்லியன்ஸிலுள்ள சேவியர் பல்கலைக்கழகமும் இதையே வேறு வழியில் செய்தது. 1925இல் தொடங்கப்பட்ட அந்தக் கத்தோலிக்கக் கறுப்பினக் கல்லூரி சிறியது. பெரும் செல்வமும் அதற்கில்லை. ஆனாலும் அங்கு பட்டம் பெற்று மருத்துவராகும் கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கை நாட்டின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களை மிஞ்சிவிட்டது. கார்மைக்கேல் என்ற வேதியியல் பேராசிரியர் எழுபதுகளிலிருந்து அங்கே கட்டமைத்த முறையில், பாட உள்ளடக்கத்தை ஆசிரியர்கள் கூடிப் பேசி ஒழுங்குபடுத்தினார்கள். மாணவர்கள் குழுவாகப் படித்தார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சறுக்குகிறவர் தானாக வந்து உதவி கேட்கும்வரை ஆசிரியர்கள் காத்திருக்கவில்லை. மற்ற கல்லூரிகளில் முதலாண்டு வேதியியல் வடிகட்டுவதற்காக இருக்கிறது என்று பேராசிரியர்களே வெளிப்படையாகச் சொல்லும்போது, சேவியரில் அதே பாடத்தை ஒருவரும் உதிராமல் கடக்க வைப்பதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இடத்து மாணவர்களும் உழைப்பாளிகள்தான்.

வடிகட்டுதல் என்ற சொல்லைப் பயன்படுத்திவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பாடவரிசை மருத்துவத்துக்கு இன்றியமையாதது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து 1910இல் வெளியான ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகுதான் கல்லூரியில் அறிவியல் படித்தபின் மருத்துவம் என்ற ஒழுங்கு நாடு முழுவதும் நிலைபெற்றது. நியூயார்க்கிலுள்ள மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987 முதல் இலக்கியம், வரலாறு போன்ற பாடங்களைப் படிக்கும் மாணவர்களில் சிலரைக் கரிம வேதியியலும் இயற்பியலும் எம்கேட்டும் இல்லாமலே சேர்த்துக்கொண்டது. 2010இல் அவர்களையும் வழக்கமான வழியில் வந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உரிமத் தேர்வின் முதற்பகுதியில் சற்றுக் குறைவாக வாங்கியிருந்தார்கள் என்பதைத் தவிர, மருத்துவப் படிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் பார் 2008இல் வெளியிட்ட ஆய்வோ, மருத்துவ ஆசையோடு வந்த மாணவர்கள், குறிப்பாகச் சிறுபான்மை இனத்தவர், அந்த ஆசையைக் கைவிட முதன்மையான காரணம் வேதியியல் பாடங்களே என்று காட்டியது. நான் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துத்தான் சோறு உண்கிறேன். அது அழகான பாடம் என்று இன்றும் வாதிடுவேன். ஆனால் அதில் சி வாங்கியவர் மருத்துவராகத் தகுதியற்றவர் என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எப்படி உழைத்தாலும் கைக்கு எட்டாத சிலவும் உண்டு. நம் சமூகத்தில் பலருக்கும் பொருந்துவது குடிவரவு நிலை. பெற்றோரின் ஹெச்-1பி விசாவைச் சார்ந்து ஹெச்-4இல் இருக்கும் பிள்ளை 21 வயதில் அந்த நிலையை இழக்கிறது. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையோ அதற்குள் நகர்வதில்லை. எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு மாறிவிட்டால், ஐந்து வயதிலிருந்து இங்கே படித்த பிள்ளையாக இருந்தாலும், வெளிநாட்டு மாணவராகவே விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதில்லை. எடுக்கும் சிலவும் நான்காண்டுக் கட்டணத்தைக் கையிருப்பில் காட்டச் சொல்வதுண்டு. பிள்ளைக்கு 3.9 ஜி.பி.ஏ. இருக்கிறது என்று என்னிடம் பெருமையோடு சொல்லும் பெற்றோரிடம் இதைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறீர்களா என்று கேட்டால் பேச்சு அப்படியே நின்றுபோகிறது. பன்னிரண்டாம் வகுப்பிலேயே செய்திருக்க வேண்டிய உரையாடல் அது.

எந்த மாநிலத்தில் வசிக்கிறோம் என்பதும் அப்படித்தான். டெக்சாஸின் அரசு மருத்துவக் கல்லூரிகள் வெளிமாநிலத்தவரைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது. அங்கே வசிப்பவருக்கு அது வரம். பக்கத்து மாநிலத்தவருக்குச் சுவர். பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மருத்துவக் கல்லூரியில் சேர்கிறவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வருமான அடுக்கில் மேலிருக்கும் ஐந்தில் இரு பகுதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், பல பத்தாண்டுகளாக நிலை அதுவே. சம்பளமில்லாமல் மருத்துவரோடு கூடவே இருந்து அவர் பணியைக் கவனிக்கவும் கோடை முழுவதும் எம்கேட்டுக்குப் படிக்கவும் யாருக்கு முடியும் என்று யோசித்தால் காரணம் புரியும். மாலையில் உணவகத்தில் வேலை பார்த்துவிட்டுப் படிக்கும் மாணவரும் கடுமையாகவே உழைக்கிறார். விண்ணப்பத்தில் அந்த உழைப்புக்கு அதே எடை கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் உத்தரவாதம் கிடையாது. 3.8 ஜி.பி.ஏ.வும் 517க்கு மேல் எம்கேட்டும் பெற்றவர்களிலும் பத்தில் ஒருவருக்கு மேல் எந்த எம்.டி. கல்லூரியிலும் இடம் கிடைக்காமல் போகிறது. நேர்காணலில், கட்டுரையில், விண்ணப்பித்த கல்லூரிகளின் பட்டியலில் என்று எங்கோ தவறியிருக்கும். அல்லது எங்கும் தவறாமலும் இருந்திருக்கும். எம்கேட்டின் நான்கு பகுதிகளில் வாசித்துப் பகுத்தறியும் பகுதிக்கு 90 நிமிடத்தில் 53 கேள்விகள். கலை, தத்துவம், வரலாறு என்று எதைப் பற்றியும் பத்திகள் வரும். மனப்பாடம் செய்ய அங்கே ஒன்றுமே இல்லை. பள்ளியில் கதைப் புத்தகம் வாசிப்பதை நேர விரயம் என்று நிறுத்திய வீடுகளின் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது அந்தப் பகுதியில்தான்.

என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்பதில்லை. திருத்திய விடைத்தாளை வாங்கி, தவறிய ஒவ்வொரு கேள்வியிலும் எந்த அடியில் பாதை மாறியது என்று அவரையே சொல்லச் சொல்வேன். பாதிப் பேர் விடைத்தாளை மறுபடி திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அவமானம் தாங்காமல் பையின் அடியில் வைத்திருப்பார்கள். அதன்பின் வாரத்தில் குறிப்பிட்ட ஒரு மாலையில் கூடிப் படிக்க இருவரைத் தேடிப்பிடிக்கச் சொல்வேன். அந்த இருவரும் தன்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கக் கூச்சப்படாதவர்களாக இருந்தால் போதும்.

இரண்டாம் தேர்வுக்குப் பிறகும் நிலை மாறவில்லை என்றால் பேச்சு டபிள்யூ பற்றியதாகிவிடுகிறது. பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டரின் நடுவே, ஒரு கெடுவுக்குள், ஒரு பாடத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். சான்றிதழில் அந்தப் பாடத்துக்கு நேராக டபிள்யூ என்று பதிவாகும், ஜி.பி.ஏ. கணக்கில் சேராது. கிரெடிட் எண்ணிக்கை பன்னிரண்டுக்குக் கீழே போனால் உதவித்தொகையும் மாணவர் விசாவும் பாதிக்கப்படலாம் என்பதால் விலகுவதற்கு முன் ஆலோசகரைப் பார்த்தாக வேண்டும். ஒன்றிரண்டு டபிள்யூக்களைச் சேர்க்கைக் குழுக்கள் பெரிதுபடுத்துவதில்லை. செமஸ்டர்தோறும் வந்தால் கேள்வி எழும். வீட்டில் இதைத் தோல்வி என்றும், பயந்து ஓடுவது என்றும் சொல்வார்கள் என்று அஞ்சியே பல மாணவர்கள் கடைசிவரை இருந்து சி வாங்குகிறார்கள். அதனால் வகுப்பின் முதல் நாளே அந்தக் கெடுத்தேதியைப் பலகையில் எழுதிப்போட்டுவிடுகிறேன். பெற்றோர்களும் அந்தத் தேதியைப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு ஒரு வாரம் முன்னால் தொலைபேசியில் பேசும்போது, வேதியியலில் இந்த மாதம் எது புரியவில்லை என்று கேட்டுப் பார்க்கலாம்.